பேய்க் கதையை வானொலி நாடகமாக்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் நாங்கள் எட்டுப் பேர், பழைய பேய்க் கதைகளை எடுத்து அரை மணி நேர வானொலி நாடகமாக்கிப் பதிவு செய்கிறோம். எங்களில் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர், பஸ் கண்டக்டர் ஒருவர், தையல் கடை அக்கா ஒருவர். நாடகம் தயாரானதும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, விளக்கை அணைத்துவிட்டு ஸ்பீக்கரில் போடுவோம். கேட்க வருகிறவர்களும், நாமும் செய்து பார்க்கலாமே என்று நினைக்கிறவர்களும் கேட்பது அநேகமாக ஒரே கேள்விகள். டீக்கடையில் நின்று பதில் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிப்போகிறது, அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

ஏங்க, வானொலி நாடகம்னா ரேடியோவுல சினிமா ஒலிச்சித்திரம் போடுவாங்களே, அதுதானே?

இல்லை. ஒலிச்சித்திரம் என்பது கண்ணுக்காக எடுத்த படத்தின் ஒலியை வெட்டிச் சுருக்கியது. படம் பார்த்தவருக்கு அது சரி, பார்க்காதவருக்கு நடுவில் இரண்டு நிமிஷம் வாள் சத்தம் மட்டும்தான் கேட்கும், யார் யாரை வெட்டினார் என்று தெரியாது. வானொலி நாடகத்தைக் காதுக்கென்றே எழுத வேண்டும். ஒருவர் உட்கார்ந்து கதையைப் படிக்கும் ஒலிப்புத்தகமும் வேறு. இங்கே ஆட்கள் பேசுவார்கள், நடப்பார்கள், கதவு திறக்கும், அவ்வளவையும் சத்தத்தாலேயே கட்ட வேண்டும்.

நாங்கள் பின்பற்றுவது 1930-களிலிருந்து 50-கள் வரை அமெரிக்க வானொலியில் இருந்த பாணி. 'லைட்ஸ் அவுட்' 1934-இல் தொடங்கியது, 'சஸ்பென்ஸ்' 1942 முதல் 1962 வரை ஓடியது. பெரும்பாலும் அரை மணி நேரம், நாலைந்து குரல், ஒரே மூச்சில் ஒரு கதை.

பார்க்காம எப்படிங்க பயம் வரும்?

மேகம் இறங்கிய சாயங்காலத்தில் நம் ஊர்ச் சாலையில் நடந்திருக்கிறீர்களா? பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியாது, இருமல் மட்டும் வரும். பக்கத்து வீட்டு அண்ணன் இருமலா, வேறு யாராவதா என்று காது கூர்மையாகி நிற்கும் ஒரு விநாடி இருக்கிறதே, அதை அரை மணி நேரத்துக்கு இழுப்பதுதான் வேலை.

வானொலிக்கென்று எழுதப்பட்ட ஆரம்பகால நாடகங்களில் ஒன்று 1924 ஜனவரி 15 அன்று பிபிசியில் வந்தது, ரிச்சர்ட் ஹியூஸ் எழுதியது. கதை நடப்பது வேல்ஸில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில், தொடக்கத்திலேயே விளக்கு அணைந்துவிடுகிறது. பாத்திரங்களுக்கும் கண் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது, இரண்டு பேரும் சமம். நூறு வருஷம் ஆகிறது, எனக்குத் தெரிந்து இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாட்டை யாரும் செய்யவில்லை.

யாரோ எழுதின கதையை நாம எடுத்தா கேஸ் போட்டுட மாட்டாங்களா?

இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து, அதற்கு அடுத்த ஜனவரி முதல் தேதியிலிருந்து 60 வருஷம் வரை காப்புரிமை உண்டு. அதன் பிறகு கதை எல்லோருக்கும் பொது. எட்கர் ஆலன் போ இறந்தது 1849, பிராம் ஸ்டோக்கர் 1912, எம்.ஆர். ஜேம்ஸும் கிப்ளிங்கும் 1936, தாகூர் 1941, டபிள்யூ. டபிள்யூ. ஜேகப்ஸ் 1943, நம் புதுமைப்பித்தன் 1948. இவர்கள் கதையை எடுக்க யாரிடமும் கேட்க வேண்டாம். வெளிநாட்டில் ஒலிபரப்பப் போகிறீர்கள் என்றால் அந்த நாட்டுக் கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பலர் சறுக்குவது இரண்டு இடத்தில். ஒன்று, கதை பழசு, ஆனால் நீங்கள் வைத்திருக்கும் தமிழ் மொழிபெயர்ப்பு புதுசு. மொழிபெயர்த்தவருக்குத் தனி உரிமை இருக்கிறது, அதனால் மூலத்தைப் படித்து நீங்களே எழுதுங்கள். இன்னொன்று, பழைய வானொலி நாடகத்தையே தமிழாக்கலாம் என்ற ஆசை. 1943-இல் ஒலிபரப்பான 'சாரி, ராங் நம்பர்' நாடகத்தை எழுதிய லூசில் ஃபிளெட்சர் இறந்தது 2000-இல். ஒலிநாடா பழசாகத் தெரியும், உரிமை இங்கே இன்னும் பல வருஷம் இருக்கிறது.

சரி, முதல்ல எந்தக் கதையில கை வைக்கலாம்?

ஜேகப்ஸ் 1902-இல் எழுதிய 'குரங்குப் பாதம்'. கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மூன்று வரம் தரும் காய்ந்த குரங்குப் பாதம் ஒன்று, வயதான தம்பதி வீட்டுக்கு வருகிறது. வீட்டுக் கடனுக்காக 200 பவுண்டு பணம் கேட்கிறார்கள். மறுநாள் மகன் வேலை செய்யும் இடத்தில் இயந்திரத்தில் சிக்கிச் செத்துப்போகிறான், கம்பெனி கொடுக்கும் தொகை சரியாக 200 பவுண்டு. அடக்கம் முடிந்த சில நாளில் தாயின் பிடிவாதத்தால் தந்தை இரண்டாவது வரமாக மகனையே திரும்பக் கேட்கிறார். நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது.

அங்கிருந்து முடிவு வரை ஜேகப்ஸ் எழுதியது கிட்டத்தட்ட எஃபெக்ட் பட்டியல்தான். தட்டல். தாய் மாடிப்படி இறங்கும் ஓட்டம். சங்கிலி கழலும் சத்தம். மேல் தாழ்ப்பாள் எட்டவில்லை, அவள் நாற்காலியை இழுக்கிறாள். தந்தை தரையில் தவழ்ந்து அந்தப் பாதத்தைத் தேடுகிறார். தட்டல் பலமாகிறது. கிடைத்துவிட்டது, மூன்றாவது வரம். தட்டல் நிற்கிறது. கதவு திறந்தால் வெறும் தெரு. வந்தது எந்தக் கோலத்தில் வந்தது என்று கதையில் ஒரு வரி கூடக் கிடையாது, ஆகையால் வானொலியில் நாம் இழப்பது ஒன்றுமே இல்லை.

படத்தில் முகம் மாறுகிற கதை, கண்ணாடியில் உருவம் தெரிகிற கதை எல்லாம் முதல் முயற்சிக்கு வேண்டாம்.

கதையை அப்படியே ஒருத்தர் படிச்சு, நடுவுல வசனம் போட்டா போதாதா?

போதும், தூங்கவும் வைக்கும். கதைசொல்லி வேண்டாம் என்று சொல்லவில்லை, அவர் யார் என்று கேட்கிறேன். எல்லாம் தெரிந்த பொதுக்குரல் ஒன்று 'இருள் சூழ்ந்த அந்த மாளிகையில்' என்று ஆரம்பித்தால் கேட்பவர் போர்வைக்குள் பத்திரமாகிவிடுகிறார். மாட்டிக்கொண்டவனே பேசினால் பத்திரம் போய்விடும். 1938-இல் ஆர்சன் வெல்ஸ் குழு சிபிஎஸ் வானொலியில் தொடங்கிய தொடருக்கு முதலில் வைத்த பெயரே 'தன்மை ஒருமை' என்று பொருள்படும் இலக்கணச் சொல்தான். ஜூலை 11 அன்று அவர்கள் எடுத்த முதல் கதை டிராகுலா. அந்த நாவல் முழுக்க நாட்குறிப்பும் கடிதமும், அதாவது ஒவ்வொருவரும் 'நான்' என்றே பேசுகிறார்கள், வானொலிக்காரர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

நம்மிடம் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' இருக்கிறது, அதுவும் 'நான்' சொல்லும் கதை. ஆனால் அதில் வரும் வாசனையை என்ன செய்வது என்று இரண்டு மழைக்காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

யார் பேசறாங்கன்னு கேக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?

இங்கே தமிழ் நமக்குக் கை கொடுக்கிறது. 'ஏங்க' என்று ஒரு குரல் கூப்பிட்டால் அவள் மனைவி, 'என்ன சார் இப்படிச் சொல்லிட்டீங்க' என்றால் வந்திருப்பவர் வெளியாள், 'வாடா' என்றால் சிநேகிதன். பெயர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட வேண்டிய அவசியம் குறைவு. இருந்தாலும் புதுக் குரல் உள்ளே வந்த முதல் இரண்டு வரிக்குள் முறையோ பெயரோ வந்துவிட வேண்டும்.

ஐந்து குரலுக்கு மேல் வேண்டாம். ஒரே வயது ஆண் குரல் இரண்டு இருந்தால் ஒன்றைக் கதையிலிருந்தே தூக்கிவிடுங்கள், அல்லது அண்ணனை அக்காவாக்கிவிடுங்கள். எங்கள் முதல் நாடகத்தில் இன்ஸ்பெக்டரும் டாக்டரும் பேசியதைக் கேட்டுவிட்டு, அந்த ஆள் ஏன் தன்னோடு தானே பேசிக்கொண்டான், அவனுக்குத்தான் பேய் பிடித்ததா என்று ஒரு பாட்டி கேட்டார்.

'அதோ பாருங்க, அந்தக் கறுப்புக் கதவு தானா திறக்குது'ன்னு வசனத்துல சொல்லிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். நிஜ வாழ்க்கையில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. கதவு கிரீச்சிடட்டும், பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் நிற்கட்டும், கொஞ்சம் பொறுத்து 'நீங்க தாழ் போட்டீங்களா?' என்று கேட்கட்டும். கதவு, திறந்தது, தானாகத் திறந்தது, இரண்டு பேருக்கும் பயம், நாலும் வந்துவிட்டது. என்ன நிறம் என்பது யாருக்கும் தேவையில்லை.

எஃபெக்டுக்கு என்னென்ன சாமான் வேணும்?

காய்கறிக் கடைக்குப் போங்கள். 'லைட்ஸ் அவுட்'காரர்கள் தலை துண்டிக்கும் சத்தத்துக்கு முட்டைக்கோஸைத்தான் வெட்டினார்கள், நமக்கு அது தோட்டத்திலேயே விளைகிறது. எலும்பு முறிய ஊட்டி கேரட், புதுசாக இருக்க வேண்டும், வாடியது வளையுமே தவிர முறியாது. குதிரைக் குளம்புக்குக் கொட்டாங்குச்சி. அடுப்பு எரிய பிஸ்கட் கவரை மைக் பக்கத்தில் மெல்லக் கசக்கினால் போதும். இடிக்கு ஒரு பெரிய தகரத் தகட்டைத் தொங்கவிட்டு ஆட்டுங்கள்.

நிஜச் சத்தம்தான் உண்மையாக இருக்கும் என்று நினைத்து ஏமாறாதீர்கள். தகரக் கூரையில் பெய்த நிஜ மழையைப் பதிவு செய்தோம், கேட்டால் யாரோ வடை சுடுகிறார்கள். கற்பூர மரத்துக் காற்று, சேனல் கிடைக்காத டிவி மாதிரி இரைந்தது. மேலே சொன்ன கதவு தட்டலுக்கு நிஜக் கதவை நிஜ விரலால் தட்டினோம், பால்காரர் வந்த மாதிரி இருந்தது. பிறகு கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு, ரசாயை (பஞ்சு வைத்த தடிப் போர்வை) மடித்து விரித்த மர மேஜையில் முஷ்டியால் மெதுவாக மூன்று தடவை. விரல் சரியாக மடங்காத ஒன்று தட்டுவது போல வந்தது. அன்றைக்கு யாரும் தனியாக வீட்டுக்குப் போகவில்லை.

நெட்ல ஓநாய் ஊளை இலவசமா கிடைக்குதே, அதைப் போட்டுக்கலாமா?

கதை ருமேனியாவில் நடந்தால் போடுங்கள். கோத்தகிரியில் நடந்தால், கேட்பவர் இந்த ஊர்க்காரர், ஓநாய் வந்ததும் சிரித்துவிடுவார். நம் காட்டிலேயே வேண்டிய அளவு இருக்கிறது. கேளையாடு நாய் குரைப்பது மாதிரி திரும்பத் திரும்பக் கத்தும், தெரியாதவருக்கு அது மான் என்று சொன்னாலும் நம்பமாட்டார். கடமான் எச்சரிக்கைக் குரல் பழைய கார் ஹாரன் ஒரே ஒரு தடவை அடித்த மாதிரி. செந்நாய்கள் ஒன்றையொன்று விசிலடித்துக் கூப்பிடும். சீகாரப் பூங்குருவி விடியற்காலையில் பாடுவது, பாட்டு மறந்துபோன பையன் சீட்டியடிப்பது போலவே இருக்கும். மேகத்துக்குள்ளிருந்து ஒரு சீட்டி, அது குருவியா, செந்நாயா, ஆளா என்று பாத்திரங்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும், இரண்டு பக்கம் ஓடும்.

எங்க வச்சு ரெக்கார்ட் பண்றது? ஸ்டுடியோ எல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாதே?

போன் போதும். படுக்கையறையில் சுவரோரம் ரசாயும் கம்பளியும் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கிவிடும், இந்த ஊரில் அந்த இரண்டுக்கும் பஞ்சமில்லை. ரகசியம் பேசுகிறவர் மைக்கிலிருந்து ஒரு சாண், சாதாரணப் பேச்சு ஒரு முழம், வாசலிலிருந்து கூப்பிடுகிறவர் நிஜமாகவே வாசலில் நின்று கூப்பிட வேண்டும். சத்தத்தைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் மைக் முன்னால் நின்றால், எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசுவது போலவே இருக்கும், எங்கள் முதல் இரண்டு நாடகமும் அப்படித்தான் வீணாயின.

இரவு பத்துக்கு மேல் உட்காருங்கள். குக்கர் விசில் அதற்குள் ஓய்ந்திருக்கும்.

எவ்வளவு பக்கம் எழுதணும்?

எஃபெக்டுக்கும் மௌனத்துக்கும் இடம் விட்டு, நிமிஷத்துக்குச் சுமார் 90 சொல் என்று நாங்கள் கணக்கு வைத்திருக்கிறோம். 25 நிமிஷத்துக்கு 2,200 சொல் அளவில் வரும். எழுதி முடித்து, அதில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டுங்கள். பெரும்பாலும் வெட்டுப்படுவது முதல் பக்கம்தான்.

இங்கிலாந்துக் கதையை ஊட்டிக்கு மாத்தினா கெட்டுப்போயிடாதா?

பெயரை மட்டும் மாற்றினால் கெட்டுப்போகும். கதையில் எது எதனால் நடக்கிறது என்று பார்த்து மாற்றினால் நிற்கும். குரங்குப் பாதத்தை மாற்றியபோது மகனைத் தேயிலை ஃபேக்டரியில் வேலைக்கு வைத்தோம், இலை உருட்டும் ரோலரில் விபத்து. எங்கள் ஓய்வு பெற்ற ஃபேக்டரிக்காரர் அந்தச் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டிவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். மூலத்தில் அந்தப் பாதத்தைக் கொண்டுவருவது இந்தியாவிலிருந்து திரும்பிய சிப்பாய், மந்திரம் போட்டது ஒரு பக்கிரி. நமக்கு இந்தியா தூரதேசம் இல்லையே! பங்களாவைக் காலி செய்துவிட்டுக் கப்பலேறும் துரை, சமையல்காரருக்கு விட்டுச் செல்லும் சாமான்களில் ஒன்றாக்கினோம். எங்கிருந்து வந்தது என்று அவரும் சொல்லவில்லை.

சில கதைகளை நகர்த்தவே கூடாது. கப்பல், பனிப்பாளம், கோட்டை என்று இருந்தால் அங்கேயே விட்டுவிட்டு, மொழியை மட்டும் தமிழாக்குங்கள்.

மந்திரவாதியை ஒரு மலைசாதிக்காரரா வச்சா லோக்கலா இருக்குமே?

இதை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், மூன்று பேருக்கும் ஒரே பதில், கூடாது. நீலகிரியில் குறும்பர்கள் சூனியக்காரர்கள் என்று சொல்லிச் சொல்லியே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்களைக் கொன்றிருக்கிறார்கள். அந்தப் பழியை நாம் பொழுதுபோக்குக்காக மறுபடி ஒலிபரப்ப வேண்டுமா? அவர்கள் பேரப்பிள்ளைகள் நம் ஊர்ப் பள்ளியில் படிக்கிறார்கள், நாடகமும் கேட்பார்கள். கதைக்கு அது தேவையும் இல்லை, எங்கிருந்து வந்தது என்று தெரியாத சாமான்தான் அதிகம் பயமுறுத்தும், மேலே துரை கதையில் செய்தது அதைத்தான்.

அமெரிக்காவுல நாடகத்தை நிஜம்னு நம்பி ஜனங்க ஓடினாங்களாமே, நாமளும் அப்படி ஒண்ணு பண்ணலாமா?

1938 அக்டோபர் 30, மேலே சொன்ன அதே ஆர்சன் வெல்ஸ் குழு, செவ்வாய் கிரகவாசிகள் பூமியைத் தாக்கும் எச்.ஜி. வெல்ஸின் கதை. நடன இசை போய்க்கொண்டிருக்கும்போது குறுக்கே அவசரச் செய்தி, மறுபடி இசை, மறுபடி செய்தி. பயந்தவர்கள் நிஜமாகவே இருந்தார்கள், ஆனால் பத்திரிகைகள் எழுதிய அளவுக்கு நாடே தெருவுக்கு வரவில்லை என்பதுதான் பின்னால் ஆராய்ந்தவர்கள் சொல்வது. அதில் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. நிருபராக நடித்தவர் 1937-இல் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்தபோது பதிவான வர்ணனையைக் கேட்டுத் தயாரானார். அவர் பேச்சு பாதியில் அறுந்ததும் சில விநாடி ஒன்றுமே இல்லை. வானொலியில் ஒன்றுமே இல்லாதது போல் பயங்கரம் வேறு கிடையாது.

பொய் அவசரச் செய்தி மட்டும் நம் மலையில் வேண்டாம். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். 'மண்சரிவு' என்று ஸ்பீக்கரில் கேட்டால் இங்கே யாரும் அதை நாடகமாகக் கேட்கமாட்டார்கள். வாட்ஸாப்பில் அனுப்பினால் அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் யாராவது வெட்டிப் பரப்புவார்கள்.

ஒருத்தருக்கு மட்டும் கேக்கற சத்தம் இருக்கே, அதை எப்படிக் காட்டறது?

நல்ல கேள்வி, இதில்தான் நாங்கள் அதிகம் அடி வாங்கினோம். போ 1843-இல் எழுதிய இதயத் துடிப்புக் கதையில் கொலைகாரனுக்குப் பலகைக்கு அடியிலிருந்து துடிப்பு கேட்கிறது, எதிரே இருக்கும் போலீஸ்காரர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பஞ்சில் சுற்றிய கடிகாரம் போன்ற சத்தம் என்று போவே எழுதி வைத்திருக்கிறார், நாங்களும் அலாரம் கடிகாரத்தைக் கம்பளித் தொப்பிக்குள் வைத்துப் பதிவு செய்தோம். சத்தம் அருமை. ஆனால் கேட்டவர்கள், போலீஸ்காரர்களுக்குக் காது மந்தமா என்று கேட்டார்கள்.

சரிசெய்தது இப்படி: துடிப்பு ஏற ஏற, கொலைகாரன் அதை மீறிப் பேசுவதற்காகக் குரலை உயர்த்துகிறான், போலீஸ்காரர்கள் மட்டும் டீ குடிக்கும் அதே தொனியில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் 'ஏன் சார் கத்தறீங்க?' என்கிறார். அந்த ஒரு வரி போதும். துடிப்பு அவன் காதுக்குள் மட்டும்தான் என்பது தெரிந்துவிட்டது.

அடுத்து என்ன நாடகம்? நானும் வரலாமா?

கிப்ளிங்கின் பேய் ரிக்‌ஷா. சிம்லாவில் நடக்கிறது, அதுவும் மலை ஊர், அதுவும் துரைமார் கோடைக்கு ஏறிய இடம், ஆனாலும் சிம்லாவிலேயே விடுகிறோம். செத்துப்போனவளின் ரிக்‌ஷா கதாநாயகனுக்கு மட்டும் தெரிகிறது, ஆகவே போன பதிலில் சொன்ன தலைவலியெல்லாம் இதிலும் உண்டு. நாற்பது வயதுப் பெண் குரல் ஒன்று தேவை, கெஞ்ச வேண்டும், அழக் கூடாது.

ஆள் இழுக்கும் ரிக்‌ஷாச் சக்கரம் ஈர மண்ணில் உருளும் சத்தம் இன்னும் பிடிபடவில்லை. தையல் கடை அக்காவின் மெஷின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தோம், ஜாக்கெட் தைப்பது போலவே இருந்தது. யார் வீட்டுப் பரணிலாவது மரச் சக்கர தள்ளுவண்டி கிடந்தால், எண்ணெய் போடாமல் அப்படியே கொண்டுவாருங்கள்.